குன்னூர் காத்துக்கு ஒரு ஆர்எக்ஸ் 100

பழைய ஜப்பான் வண்டிய வீட்டுலயே பிரிச்சு ரெடி பண்றதப் பத்தி படிச்சா முக்கால்வாசி பெயின்ட், குரோம், ஸ்டிக்கர் இதப்பத்தி தான் இருக்கும். நல்லது தான், ஆனா மலையில இருக்குறவங்களுக்கு அது பத்தாது. இங்க காத்து வேற, ரோடு வேற, ஈரம் வேற. கோயம்புத்தூர்ல சூப்பரா ஓடுற டூ ஸ்ட்ரோக் வண்டி குன்னூர் வந்ததும் நாலு சிலிண்டர் புகையை ஒத்த சிலிண்டர்ல விடும், அதையே இங்க உள்ள மெக்கானிக் பொறுமையில்லாம சரி பண்ணி விட்டா மேட்டுப்பாளையம் போய்ட்டு திரும்பி ஏறும்போது சூட்டுல பிஸ்டன் சிலிண்டர்லயே பிடிச்சுக்கும். எங்க மாமாவோட ஆர்எக்ஸ் 100-ஐ நான் ரெடி பண்ணது முழுக்க இந்த ஒரு விஷயத்த மனசுல வச்சு தான், வண்டி இந்த மலைக்கு சரியா இருக்கணும், மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

வண்டி 1988 மாடல். மாமா டீ ஃபேக்டரியில டீ மேக்கரா இருந்தார், பச்சை இலை வர்ற நேரத்த பொறுத்து தான் அவருக்கு டூட்டி, ராத்திரி ரெண்டு மணிக்கு கூட கிக்கர் அடிக்கிற சத்தம் கேக்கும். அந்த வண்டி பல வருஷமா தார்ப்பாய்க்கு அடியில கிடந்துச்சு. தெரியாதவங்களுக்காக சொல்றேன், யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவுக்கு 1985 கடைசியில வந்துச்சு, எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோட சேர்ந்து போட்டாங்க, ஆரம்பத்துல வந்த வண்டிங்க ஜப்பான்ல இருந்து பாகம் பாகமா வந்து இங்க கோர்த்தது. 98 சிசி, போர் (சிலிண்டர் உள் அகலம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 50 மி.மீ., ரீட் வால்வு, 11 குதிரை சக்தி. எடை நூறு கிலோ சொச்சம் தான். 1996-ல புகை விதிமுறை கடுமையாச்சு, அதோட இந்த மாடல நிறுத்திட்டாங்க. 100 சிசில 11 குதிரைங்கிறது அந்த காலத்துல பெரிய விஷயம், அதனால தான் இன்னைக்கும் அந்த சத்தம் கேட்டா ரோட்டுல போறவங்க திரும்பிப் பாக்குறாங்க.

பிரிக்க உக்காரும்போது முதல்ல கவனிக்க வேண்டியது ஸ்க்ரூ. ஜப்பான் வண்டியில இருக்குற ஸ்டார் ஸ்க்ரூவும் நம்ம கடையில விக்கிற ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும் ஒன்னு மாதிரி தான் தெரியும், ஆனா ஒன்னு கிடையாது. ஜப்பானுக்குன்னு தனி அளவு இருக்கு, ஜேஐஎஸ்னு சொல்வாங்க. நல்லா உத்துப் பாத்தா நிறைய ஸ்க்ரூ தலையில ஒரு மூலையில கடுகு விட சின்னதா ஒரு புள்ளி குழிஞ்சிருக்கும், அது தான் அடையாளம். சாதாரண டிரைவர் போட்டு அழுத்தி திருப்புனா மேல எகிறி வந்து தலைய வழிச்சு விட்ரும், அப்புறம் டிரில் போட்டு தான் எடுக்கணும். பழைய வண்டி எதுவா இருந்தாலும் இன்ஜின் கவர் ஸ்க்ரூ வழிஞ்சு கிடக்கும் பாருங்க, அதுக்கு காரணம் இது தான். ஜேஐஎஸ் பிட்டு வாங்கிட்டேன், ராத்திரியே துரு விடுற ஆயில் ஊத்தி வச்சு, காலையில இம்பாக்ட் டிரைவர சுத்தியலால ரெண்டு தட்டு தட்டுனா கிளிக்னு விட்டுக் கொடுக்குது. அந்த கிளிக் சத்தம் கேக்கும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அத அனுபவிச்சவங்களுக்கு தான் தெரியும்.

இன்ஜின் வேலைக்கு வருவோம். டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டன், ரிங்கு இதப்பத்தி எல்லாரும் பேசுவாங்க, கிராங்க் ஷாஃப்ட் ரெண்டு பக்கமும் இருக்குற ரப்பர் வளையம், அதான் கிராங்க் ஆயில் சீல், அத பத்தி யாரும் பேச மாட்டாங்க. எனக்கு அது தான் முதல் வேலை. டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோலும் காத்தும் முதல்ல பிஸ்டனுக்கு கீழ இருக்குற கிராங்க் கேஸுக்குள்ள போய் அமுங்கி அப்புறம் தான் மேல போகுது, அதனால அந்த அறை காத்து புகாம இறுக்கமா இருக்கணும். மேக்னெட் பக்கம் இருக்குற சீல் வெடிச்சிருந்தா வெளிக்காத்து உள்ள இழுக்கும், கலவை லீன் ஆகி, அதாவது காத்துக்கு பெட்ரோல் பத்தாம, சூடேறி பிஸ்டன் பிடிக்கும். கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தா கியர் ஆயில உள்ள இழுத்து எரிக்கும், சைலன்சர்ல வெள்ளைப் புகை நிக்காது, கியர் ஆயில் மட்டம் காரணமில்லாம இறங்கிட்டே இருக்கும். ரப்பர் தானே, வருஷக்கணக்கா நின்ன வண்டில கல்லு மாதிரி ஆயிருக்கும், பாக்க நல்லா இருந்தாலும் ரெண்டையும் மாத்திடணும்.

மாத்துனதுக்கப்புறம் சரியா உக்காந்துச்சான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு, செலவே கிடையாது. பி.பி. பாக்குற மெஷின் கையால அமுக்குற டைப் வீட்டுல இருந்தா அந்த பல்பும் மீட்டரும் போதும். கார்ப்பரேட்டர் வர்ற வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் ஷீட்டு வச்சு தகடு போட்டு அடைச்சுடணும், பிஸ்டன கீழ இறக்கி வைக்கணும், அப்ப தான் சிலிண்டர் சுவத்துல இருக்குற வழி, அதான் போர்ட், திறந்து மேலயும் கீழயும் ஒரே அறையா இருக்கும். பிளக் ஓட்டையில டியூப சொருகி மீட்டர்ல 300 வரைக்கும் பம்ப் அடிச்சா அது கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. அப்படியே விட்டுட்டு அஞ்சாறு நிமிஷம் முள்ளப் பாக்கணும். முள்ளு நின்ன இடத்துல நின்னா சீல் கேஸ்கெட் எல்லாம் ஓகே. இறங்குனா சோப்பு நுரைய தடவுனா எங்க குமிழி வருதோ அங்க லீக்கு, கியர் ஆயில் ஊத்துற ஓட்டையில குமிழி வந்தா கிளட்ச் பக்கத்து சீல்னு அர்த்தம். எங்க அம்மா தான் பல்ப அமுக்கிட்டு இருந்தாங்க, "ஏன்டா, எனக்கு பிரஷர் பாக்க வாங்குனத வண்டிக்கு மாட்டிட்டியா, வண்டிக்கு எவ்வளவுடா இருக்கு"ன்னு கேட்டுட்டு அவங்களும் முள்ளையே பாத்துட்டு உக்காந்துட்டாங்க.

பேரிங் மாட்டுறதும் அம்மாவோட சமையல்கட்டுல தான் நடந்துச்சு. பேரிங்க ராத்திரி ஃப்ரீசர்ல போட்டு, அலுமினிய கேஸ ஓவன்ல நல்லா சூடு பண்ணி எடுத்து வச்சா, பேரிங் சுத்தியல் அடியே வாங்காம தொப்புனு உள்ள உக்காந்துக்கும். இரும்ப விட அலுமினியம் சூட்டுல அதிகமா விரியும், அது தான் சூட்சமம். அடிச்சு இறக்குற பேரிங் கொஞ்ச நாள்ல கூவ ஆரம்பிச்சுடும்.

தேஞ்ச சிலிண்டர உள்ள கடைஞ்சு பெருசாக்க, அதான் போர் போட, கோயம்புத்தூர் கொண்டு போனேன், நல்ல லேத் ஆளுங்க அங்க தான் இருக்காங்க. பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. ஓவர்சைஸ்ல வரும், முதல்ல பிஸ்டன வாங்கிட்டு அந்த பிஸ்டனுக்கு அளந்து தான் போர் போடணும், போர் போட்டுட்டு பிஸ்டன் தேடக் கூடாது. இன்னொன்னு, போர் போட்டதும் போர்ட் ஓரமெல்லாம் பிளேடு மாதிரி கூரா நிக்கும். அத சின்ன அரத்தாலயோ எமரி பேப்பராலயோ லேசா மழுக்கி விடணும், இல்லன்னா ரிங்கு அந்த ஓரத்துல மாட்டி ஒடைஞ்சு போகும். லேத்துல இத சொல்லி செய்யச் சொல்லணும், சொல்லாட்டி நிறைய பேரு செய்ய மாட்டாங்க.

பெட்ரோல் டேங்க் வேலை குன்னூர் மாதிரி ஊர்ல தான் உண்மையிலேயே கஷ்டம். இங்க தென்மேற்கு பருவமழையும் பெய்யும் வடகிழக்கு பருவமழையும் பெய்யும், நடுவுல மழை இல்லாத நாள்லயும் மத்தியானம் ஆனா மூடுபனி வாசல் வரைக்கும் வந்து நிக்கும். பாதி காலியா கிடந்த டேங்க்ல அந்த ஈரம் உள்ள படிஞ்சு படிஞ்சு துரு. உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா செங்கல் கலர்ல தூளா கொட்டுது. மளிகைக் கடையில கிடைக்கிற எலுமிச்சை உப்ப (சிட்ரிக் ஆசிட்) வெந்நீர்ல கரைச்சு டேங்க் நிறைய ஊத்தி, ஒரு நாள் விட்டு அப்பப்ப ஆட்டி விட்டா துரு கரைஞ்சு பச்சை மஞ்சளா தண்ணி வரும். அத கொட்டிட்டு சமையல் சோடா கரைச்ச தண்ணிய ஊத்தி அலசணும், இல்லன்னா மிச்ச ஆசிட் அரிச்சுட்டே இருக்கும். இதுக்கப்புறம் தான் அவசரம். சுத்தமான வெறும் இரும்பு, வெளிய ஈரக்காத்து, பத்து நிமிஷத்துல மறுபடி மஞ்சள் பூத்துடும். அதனால தண்ணி வடிஞ்சதும் ஹேர் டிரையர டேங்க் வாயில வச்சு சூடா காய வச்சு, உடனே டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோலோட சேர்ற ஆயில்) கொஞ்சம் ஊத்தி எல்லா பக்கமும் படுற மாதிரி உருட்டி விட்டேன். வெயில் காலத்துல, பிப்ரவரி மார்ச்ல இத செஞ்சா பாதி தொல்ல குறையும்.

இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் இருக்கு, அது காத்துல உள்ள ஈரத்த இழுக்கும். ஈரம் அதிகமா சேந்தா எத்தனாலும் தண்ணியும் பிரிஞ்சு டேங்க் அடியில போய் தங்கும், பழைய ரப்பர் டியூபையும் அது கெடுக்கும். அதனால பெட்ரோல் டியூப், ஃப்ளோட் ஊசி எல்லாம் புதுசு போட்டேன். வண்டிய நிறுத்தி வைக்கிறதா இருந்தா டேங்க ஃபுல் பண்ணி வச்சுடுங்க, காலி இடம் இருந்தா தான் ஈரம் வந்து படியும்.

பெயின்ட்ல நான் கை வைக்கல. பீக்காக் ப்ளூ, கம்பெனி பெயின்ட், டேங்க் ரெண்டு பக்கமும் மாமா முட்டி உரசி உரசி ஒரு எடத்துல தேஞ்சு பிரைமர் தெரியுது. நண்பர்கள் எல்லாம் புதுசா அடிச்சுடுன்னாங்க. எனக்கு மனசு வரல. ஒரிஜினல் பெயின்ட் ஒரு தடவ தான் வரும், எவ்வளவு காசு கொடுத்தாலும் திரும்ப அந்த பெயின்ட்ட வாங்க முடியாது. பாலிஷ் போட்டு, மெழுகு தடவி, துரு பிடிச்ச எடத்த மட்டும் நிறுத்தி விட்டிருக்கேன். அடிச்சே ஆகணும்னு இருக்குறவங்க பனி நேரத்துல அடிக்காதீங்க, டுகோ பெயின்ட் காயுறதுக்குள்ள ஈரம் உக்காந்தா மேல பால் படிஞ்ச மாதிரி வெளுத்துப் போகும்.

இனி கார்ப்பரேட்டர். இத எழுதணும்னு தான் இந்த பதிவே ஆரம்பிச்சேன்.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. மேட்டுப்பாளையம் 300 சொச்சம். கடல் மட்டத்துல இருக்குற காத்தோட அடர்த்திய 100-னு வச்சா குன்னூர்ல 83, ஊட்டியில 80. அதாவது சிலிண்டர் ஒவ்வொரு தடவையும் இழுக்குற காத்துல கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு இங்க இல்ல. 11 குதிரைங்கிறது இங்க 9 சொச்சம் தான், அதுக்கு எந்த மெக்கானிக்கையும் திட்டிப் பிரயோஜனம் இல்ல. பிரச்சன என்னன்னா காத்து குறையுற அளவுக்கு ஜெட்டு (கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை) வழியா வர்ற பெட்ரோல் குறையாது, அதனால கலவை ரிச் ஆகும், அதாவது காத்துக்கு மேல பெட்ரோல் அதிகமாயிடும். பிளக் கறுப்பா எண்ணெய் பிசுக்கோட இருக்கும், காலையில ஸ்டார்ட் ஆக மூச்சு வாங்கும், ஆக்சிலேட்டர முறுக்குனா புர்ர்ருன்னு அமுங்கிட்டு அப்புறம் தான் எழும்பும்.

இதுக்கு எல்லாரும் பண்றது மெயின் ஜெட்ட சின்னதா மாத்துறது. மாத்துனா குன்னூர்ல வண்டி கத்தி மாதிரி ஓடும், உண்மை தான். ஆனா அதே வண்டி ஒரு நாள் மேட்டுப்பாளையம் இறங்கும், திரும்ப வரும்போது கல்லார்ல ஏத்தம் ஆரம்பிக்கும், அங்க காத்து கனமா இருக்கு, ஆக்சிலேட்டர் முழுசா திறந்திருக்கு, பின்னாடி ஆள் உக்காந்திருக்கு, வெயில் கொளுத்துது. மலைக்குன்னு குறைச்ச ஜெட்டு அங்க லீன். டூ ஸ்ட்ரோக் வண்டிய கொல்றதுக்கு இத விட நல்ல இடம் கிடையாது. ஊருக்குள்ள பழைய மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் கிட்ட இத கேட்டப்ப அவரு ஒரே வரியில சொன்னாரு, "தம்பி, மெயின் ஜெட்ட கல்லாருக்கு வை, மீதிய வீட்டுக்கு வை."

அதாவது முழு ஆக்சிலேட்டர்ல தான் மெயின் ஜெட்டு முழுசா வேலை செய்யும், அத நம்ம போற இடத்துலயே தாழ்வான இடத்துக்கு பாதுகாப்பா வச்சுக்கணும். மேல வந்தா முழுசா முறுக்கும்போது கொஞ்சம் ரிச்சா இருக்கும், இருந்துட்டு போகட்டும், ரிச்சா ஓடுனா பிளக் அழுக்காகும், லீனா ஓடுனா பிஸ்டன் போகும். குன்னூர் தெருவுல நாம ஓட்டுறது கால் ஆக்சிலேட்டர், அரை ஆக்சிலேட்டர் தான், அங்க வேலை செய்யுறது கார்ப்பரேட்டர்ல ஆக்சிலேட்டரோட ஏறி இறங்குற ஊசியும், காத்தக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூவும். ஊசில இருக்குற கிளிப்ப ஒரு பள்ளம் மேல ஏத்துனா ஊசி கீழ இறங்கி பெட்ரோல் குறையும். ஏர் ஸ்க்ரூவ வெளிய திருப்புனா காத்து கூடும், வண்டிய நல்லா சூடு பண்ணிட்டு, சும்மா நிக்கும்போது ஆர்பிஎம் எங்க அதிகமா சுத்தமா நிக்குதோ அங்க விட்டுடணும். இந்த மிக்குனி கார்ப்பரேட்டர்ல இது ரெண்டும் டீ குடிக்கிற நேரத்துல பண்ணலாம். இத பண்ணதும் வந்த வித்தியாசம் எனக்கே நம்ப முடியல, அந்த புர்ர்ரு போயே போச்சு. ஒன்னு மட்டும், டூப்ளிகேட் ஜெட்டுல எழுதியிருக்குற நம்பர நம்பாதீங்க, பழைய ஒரிஜினல் ஜெட்டு அடைச்சிருந்தா கார்ப்பரேட்டர் கிளீனர் ஊத்தி சுத்தம் பண்ணி அதையே போடுங்க, கம்பி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும்.

ஏறுறத விட இறங்குறதுல இன்னொரு விஷயம் இருக்கு. மேட்டுப்பாளையம் ரோட்டுல 14 கொண்டை ஊசி வளைவு, நம்ம மலையில பழைய டிரைவருங்க சொல்ற மாதிரி எந்த கியர்ல ஏறுறோமோ அந்த கியர்ல தான் இறங்கணும். ஆக்சிலேட்டர் மூடி, இன்ஜின் மட்டும் வேகமா சுத்தும். டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டனுக்கு ஆயில் பெட்ரோலோட கலந்து தான் வருது, பெட்ரோல்லயே டூ டி கலந்து ஓட்டுற வண்டில ஆக்சிலேட்டர மூடுனா பெட்ரோலும் நின்னுச்சு ஆயிலும் நின்னுச்சு. ஆர்எக்ஸ்ல ஆயில தனியா இன்ஜினுக்கு அனுப்புற ஆட்டோலூப் பம்ப் இருக்கு, அது ஆக்சிலேட்டர் கேபிளையும் பாக்கும் இன்ஜின் வேகத்தையும் பாக்கும், மூடியிருந்தாலும் இன்ஜின் சுத்துற வரைக்கும் கொஞ்சம் ஆயில் தள்ளிட்டே இருக்கும். நிறைய பேரு அந்த பம்ப்ப நம்பாம கழட்டிப் போட்டுட்டு பெட்ரோல்ல கலந்துடுறாங்க. சமவெளியில சரி, மலையில எனக்கு அது சம்மதமே இல்ல. பம்ப்ப சுத்தம் பண்ணி, சீல் மாத்தி, கேபிள அடையாளக் கோட்டுக்கு நேரா வச்சு, காத்து எடுக்குற ஸ்க்ரூவ திறந்து குமிழி நிக்கிற வரைக்கும் ஆயில வடிய விட்டு தான் மாட்டுனேன். அந்த முதல் டேங்க்குக்கு மட்டும் பெட்ரோல்லயும் கொஞ்சம் ஆயில் கலந்தேன், குழாய்ல காத்து மிச்சம் இருந்தாலும் பிஸ்டன் காயாம இருக்கட்டும்னு. பம்ப் இருந்தாலும் இல்லாட்டியும் பர்லியார் இறக்கத்துல அப்பப்ப கிளட்ச் பிடிச்சு ஒரு முறுக்கு முறுக்கி விடுங்க.

பிரேக் ரெண்டு பக்கமும் டிரம் தான். நின்ன வண்டில லைனிங் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிருக்கும், புது ஷூ போட்டு, டிரம்ம லேத்துல லேசா கடைஞ்சு, கேம் சுத்துற இடத்துல கிரீஸ் வச்சு, கேபிள் புதுசு. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூள வாயால ஊதாதீங்க, ஏர் அடிக்காதீங்க, ஈரத்துணில தொடைங்க. பிரேக்குல காசு பாக்கவே கூடாது.

சாமானுக்கு கோயம்புத்தூர் உக்கடம், சென்னை புதுப்பேட்டை, தெரிஞ்சவங்க மூலமா பழைய ஸ்டாக். இதுல பேரம் பேசத் தெரிஞ்சா போதும், பெருசா சொல்ல ஒன்னும் இல்ல.

ஆர்சி விஷயம் மட்டும் விட்டுடாதீங்க. 15 வருஷம் தாண்டுன வண்டிக்கு எஃப்சி (வண்டி ஓட்ட தகுதியா இருக்குங்கிற சான்று) பாத்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ ஆர்சி புதுப்பிக்கணும், பசுமை வரியும் கட்டணும். விண்டேஜ்னு நாம வாயால சொன்னாலும் 2021-ல வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் ஆனா தான் அந்த கணக்கு, ஆர்எக்ஸ் எதுக்கும் இன்னும் அந்த வயசு வரல. மாமா பேர்ல இருந்து என் பேருக்கு மாத்துற பேப்பர் வேலைய இன்ஜின் வேலைக்கு முன்னாடியே ஆரம்பிச்சதால வண்டி ரெடியான நேரத்துக்கு அதுவும் கைக்கு வந்துடுச்சு.

மேட்டுப்பாளையத்துல இருந்து மாமாவ பின்னாடி உக்கார வச்சு ஏறுனேன். காட்டேரி பார்க் தாண்டி நிறுத்தி பிளக்க கழட்டிப் பாத்தோம், காப்பித்தூள் கலர், எண்ணெய் பிசுக்கு இல்ல, வெளுப்பும் இல்ல. மாமா பிளக்க கையில வாங்கி திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "மாப்ள, அடுத்த வளைவுல இருந்து நான் ஓட்டுறேன்"னு சொல்லி சாவிய வாங்கிக்கிட்டார். வீடு வரைக்கும் அவர் தான் ஓட்டுனார், நான் பின்னாடி. இன்னும் ஸ்பீடோமீட்டர் வேலை செய்யல, உள்ள இருக்குற பல் சக்கரம் தேஞ்சிருக்கு, ஒரிஜினல் மீட்டர் யாருகிட்டயாவது சும்மா கிடந்தா சொல்லுங்க.